ஓடுவதற்கும் காசா?

ஓடுவதற்குக் காசு கட்டுவானா ஒருவன்? அதுவும் மலையேறி, முட்டி தேய, அட்டைக்கடி பட்டு ஓடுவதற்கு? இப்படி நீங்கள் கேட்டால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். எங்கள் வீட்டிலும் முதலில் எழுந்த கேள்வி அதுதான்.

"தீம்பாரில் முப்பது வருஷம் மேடு பள்ளம் ஏறி இறங்கினோம். அதுக்குத் துரை நமக்குக் காசு கொடுத்தான், வயித்துக்குப் பத்தாட்டியும் கொடுத்தான். இவன் என்னடான்னா காசு கட்டிட்டு ஏறப் போறானாம்" என்றார் என் அண்ணி. அவருடைய மகன், தொழிற்சாலையில் வேலை செய்கிறவன், பகாங்கில் ஒரு மலைச்சாரலில் நடக்கவிருந்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றான். ஓடுவது இருபத்தைந்து கிலோமீட்டர். கட்டணம் நூறு வெள்ளிக்கு மேல். வரும் பணம் புலிகளைக் காப்பாற்றும் வேலைக்குப் போகிறது என்றான்.

"புலிக்கா?" என்று அண்ணி கேட்ட தொனியை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது.

வாசகச் சகோதர சகோதரிகளே, இது நம் நாட்டில் மட்டும் நடக்கும் கூத்தல்ல. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் லேவா என்றொரு வனவிலங்குக் காப்பகம் இருக்கிறது. காண்டாமிருகங்களுக்குப் பேர் போன இடம். அங்கே 2000ஆம் ஆண்டில் ஒரு மாரத்தான் ஓட்டத்தைத் தொடங்கினார்கள். காப்பகத்துக்குள்ளேயே, மண்பாதையில், மேட்டு நிலத்தில் ஓட வேண்டும். யானையோ காண்டாமிருகமோ குறுக்கே வந்துவிடாமல் காவலர்கள் தரையிலும் ஹெலிகாப்டரிலும் பார்த்துக்கொள்கிறார்கள். சேரும் பணத்தில் விலங்குகளுக்குக் காவல் மட்டுமல்ல, சுற்றியிருக்கிற ஊர்களின் பள்ளிக்கூடத்துக்கும் மருந்தகத்துக்கும் பங்கு உண்டு. விலங்குக்கு அக்கம்பக்கத்தில் வாழ்கிறவனைப் பட்டினி போட்டுவிட்டு விலங்கைக் காப்பாற்ற முடியாது என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் நாட்டுக் கணக்குக்கு வருவோம். 1950களில் தீபகற்ப மலேசியாவில் மூவாயிரம் புலிகள் வரை இருந்திருக்கலாம் என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் யார் எண்ணினார்கள் என்று கேட்காதீர்கள், அது ஓர் உத்தேசம்தான். ஆனால் 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு உத்தேசமல்ல. காட்டுப்பாதைகளில் தானாகப் படமெடுக்கும் கேமராக்களைக் கட்டிவைத்தார்கள். நம் கைரேகை போல ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இருக்காது. அதை வைத்து எது எந்தப் புலி என்று பிரித்தறிந்து கணக்கிட்டார்கள். முடிவு, 150க்கும் குறைவு.

நூற்றைம்பது என்றால் எவ்வளவு? ஒரு சின்ன டிவிஷனில் காலையில் பெரட்டுக்கு நின்ற ஆட்களின் எண்ணிக்கை. நாட்டின் சின்னத்தில் இரண்டு பக்கமும் நிற்கிற விலங்கு, காற்பந்துக் குழுவின் பெயரில் இருக்கிற விலங்கு, உயிரோடு ஒரு பெரட்டுக் களத்தில் அடங்கிவிடும். சுமத்ரா காண்டாமிருகத்துக்கு என்ன ஆயிற்று? 2019 நவம்பரில் சபாவில் கடைசி ஒன்றும் இறந்து, மலேசியாவில் அந்த இனமே முடிந்தது. பத்திரிகையில் ஒரு நாள் செய்தி. மறுநாள் நாம் வேறு செய்தி படித்தோம்.

சரி, ஓட்டத்துக்குப் போன கதையைச் சொல்கிறேன். அண்ணன் மகன் தனியாகப் போக வேண்டாம் என்று நானும் அண்ணியும் வேனில் தொற்றிக்கொண்டோம். உண்மையில் எனக்கு வேடிக்கை பார்க்க ஆசை. விடியுமுன்னே கிளம்பும் இடத்துக்குப் போய்விட்டோம். இருட்டு. பனி. முந்நூறு பேருக்குக் குறையாமல் நிற்கிறார்கள். ஒவ்வொருவர் நெற்றியிலும் ஒரு விளக்கு! அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுவர்த்தியை இடுப்பில் புகையவிட்டு, பால்மரக் காட்டுக்குள் நிரை தேடிப்போன காலம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு வித்தியாசம், இவர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

காலணியைப் பார்த்தபோது அண்ணி வாய்விட்டே சிரித்துவிட்டார். ஐந்நூறு அறுநூறு வெள்ளிச் சப்பாத்துகளுக்கு நடுவே, கறுப்பு ரப்பர் சப்பாத்து போட்டவர்களும் இருந்தார்கள். ஆமாம், நாம் கம்போங் அடிடாஸ் என்று சொல்வோமே, பால்வெட்டுக்குப் போட்டுக்கொண்டு போன அதே சப்பாத்து. சேற்றில் வழுக்காது, தண்ணீர் தங்காது, பத்துப் பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கும் என்று மலையேறுகிறவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்களாம். நாம் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போகக் கூச்சப்பட்ட சாமான்!

ஓட்டம் தொடங்கியதும் எங்களுக்கு வேலை இல்லை. தண்ணீர் கொடுக்கும் பந்தலில் ஆள் குறைவாக இருந்ததால் நாங்களாகவே போய் வாழைப்பழமும் தர்பூசணியும் நறுக்கிக் கொடுத்தோம். அந்தப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை. மேசையில் கம்பிகள்.

மேசையைப் பார்த்ததும் அண்ணியின் சிரிப்பு நின்றுவிட்டது. வேறொன்றுமில்லை, கண்ணிகள். காட்டிலிருந்து அவிழ்த்துக் கொண்டுவந்தவை. சில தடித்த இரும்பு வடம், சில மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கம்பி. நம் தோட்ட ஓரங்களில் காட்டுப்பன்றிக்கு வைப்பது எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விலங்கு நடக்கும் தடத்தில் வளையத்தைப் போட்டுச் சருகால் மூடுவது, மறுமுனையை மரத்திலோ வளைத்த கொம்பிலோ கட்டுவது. கால் பட்டால் இறுகும். இழுக்க இழுக்க இன்னும் இறுகி எலும்பு வரை அறுக்கும். வைத்தவன் மறந்து போனாலும் கம்பி மறக்காது. பன்றிக்கு வைத்ததில் பன்றிதான் மாட்ட வேண்டும் என்று கட்டாயமா? மான் மாட்டும், தப்பிர் மாட்டும், கரடி மாட்டும், யானைக்குட்டி மாட்டும், புலியும் மாட்டும். 2009ஆம் ஆண்டு பேராக்கில் கிரிக் பக்கம் கம்பியில் சிக்கிய ஒரு புலியை மீட்டு மலாக்கா மிருகக்காட்சிசாலைக்குக் கொண்டு போனார்கள். பிழைக்கவில்லை. சிக்கியது குட்டிபோட்ட தாயாக இருந்தால், பாலுக்குக் காத்திருக்கும் இரண்டு மூன்று குட்டிகளையும் அதே கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

காட்டுக்குள் கம்பி வைப்பவர்களில் தொழிலாகவே செய்கிற திருடர் கூட்டம் உண்டு, எல்லை கடந்து வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்குப் புலித்தோலும் எலும்பும் பணம். அவர்கள் நம்மில் சேர்த்தியில்லை. ஆனால் தோட்டத்து ஓரத்துக் கம்பி நம்முடையது. கண்ணி வைப்பது இந்த நாட்டில் குற்றம். 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தை 2022இல் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். புலியைக் கொன்றால் அபராதம் பத்து லட்சம் வெள்ளி வரை போகலாம், சிறை பதினைந்து ஆண்டு வரை. "பன்றிக்குத்தானே வச்சேன்" என்ற சமாதானம் நீதிமன்றத்தில் எடுபடுமா?

பணம் எங்கே போகிறது என்று மேசைக்காரப் பெண்ணிடம் கேட்டேன். கேட்க வேண்டியதுதானே? கோவில் திருவிழாவுக்குப் பத்து வெள்ளி கொடுத்தாலே நாம் கணக்குக் கேட்கிறோம். காட்டில் ரோந்து போகிறவர்களுக்கு அரிசி, பெட்ரோல், சப்பாத்து, கேமராவுக்கு மின்கலம் என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். எல்லா ஓட்டமும் இப்படியென்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். சட்டையில் புலிப்படம் போட்டுவிட்டுக் கணக்குக் காட்டாத கூட்டமும் இருக்கக்கூடும். உங்கள் பிள்ளைகள் பெயர் கொடுத்தால் முதலில் கணக்கைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஒரு விஷயம் எனக்கு மேசைக்கருகில்தான் விளங்கியது. ஆள் நடமாட்டம் உள்ள பாதையில் திருடன் கம்பி வைக்கத் தயங்குவான். பூட்டிய வீட்டைவிடப் பாட்டி உட்கார்ந்திருக்கும் திண்ணைக்குக் கள்ளன் பயப்படுவது போல. மைகேட் என்ற புலிப் பாதுகாப்புக் கூட்டமைப்பு 2010ஆம் ஆண்டில் இந்த யோசனையைத்தான் கையில் எடுத்தது. பகாங்கின் சுங்கை யூ வட்டாரத்தில், தாமான் நெகாராவையும் நடுமலைத்தொடரையும் இணைக்கும் காட்டுத்துண்டில், சாதாரண மக்களை நடக்க அழைத்துப் போனார்கள். நடப்பவர்கள் கம்பி கண்ணில் பட்டால் தெரிவிப்பார்கள், படாவிட்டாலும் அவர்கள் நடந்ததே காவல். ஒருநாள் ஓட்டம் பணம் சேர்க்கும். ஆண்டு முழுவதும் நடக்கும் கால்கள்தான் காட்டைக் காக்கும். என்னைக் கேட்டால் ஓட்டத்தைவிட இந்த நடைக்கே என் ஓட்டு.

வீடு திரும்பி இதைச் சொன்னபோது பக்கத்து வீட்டுப் பெரியவர், நாற்பது ஆண்டு பால் வெட்டியவர், சும்மா விடவில்லை. "அம்மா, ஓடினவன் வேனில் ஏறிப் பட்டணத்துக்குப் போயிட்டான். புலி எங்கே இருக்குது? தோட்டத்தை ஒட்டித்தானே! கடிபடப்போறவன் யாரு?" என்று கேட்டார்.

இதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிட முடியாது. 2023ஆம் ஆண்டு இறுதியில் கிளந்தானில் குவா மூசாங் பக்கம் புலி தாக்கிச் சிலர் உயிரிழந்தார்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்களும் அதில் உண்டு. விடியாத நேரத்தில் மரத்தருகே குனிந்து நிற்கிறவனின் பயத்தை, வேறு எவருக்குத் தெரியாவிட்டாலும் நமக்குத் தெரியும். ஆகவே பெரியவரிடம் நான் வாதாடவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன். "நீங்கள் வேலை செய்த காலத்தில் புலி இருந்ததா?" "இருந்துச்சு. அல்லூர் ஓரத்துல கால்தடம் பார்த்திருக்கேன்." "ஆளை அடித்ததா?" "எங்க பக்கம் இல்லை. அப்போ மான் இருந்துச்சு, பன்றி இருந்துச்சு."

பெரியவரே சொல்லிவிட்டார். கடமானை வேட்டையாடித் தீர்த்தாயிற்று. 2021இலிருந்து ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் காட்டுப்பன்றிகளையும் வாரிக்கொண்டு போனது. காடு துண்டு துண்டாகிவிட்டது. சாப்பாடு இல்லாத வீட்டிலிருந்து யாரும் வெளியே வரத்தான் செய்வார்கள். அதிலும் கம்பியில் சிக்கிக் கால் ஊனமான புலியால் மானைத் துரத்த முடியாது. கட்டிக்கிடக்கும் மாடும், குனிந்து நிற்கும் மனிதனும்தான் அதற்கு எட்டும். கம்பி வைப்பதால் தோட்டத்துக்குப் பாதுகாப்பு என்று நினைத்திருந்த பெரியவர் இதைக் கேட்டு வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்படின்னா ஓடுறவன் காசில் எங்களுக்கும் கொஞ்சம் வரணும். வெளிச்சம் வரணும், வேலி வரணும், விடிஞ்சப்புறம் வேலைன்னு நிர்வாகம் எழுதித் தரணும்" என்றார். லேவாவைப் பற்றி முன்னால் சொன்னேனே, அந்தக் கென்யாக்காரர்களின் கணக்கும் இதுதான். பெரியவர் கென்யாவை வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை.

காட்டோரம் வேலை செய்கிற நேயர்கள் கம்பியைப் பார்த்தால் தனியாகக் கையை வைக்காதீர்கள், பக்கத்தில் அடிபட்ட விலங்கு இருக்கலாம். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள். கால்தடம் கண்டாலும் அப்படித்தான். மண்டோருக்குச் சொல்லிவிட்டுக் கூட்டமாக நகர்ந்துவிடுங்கள்.

அண்ணன் மகன் அன்று ஐந்தரை மணி நேரம் ஓடி, கடைசிக்கு முன்னால் பத்தாவது ஆளாக வந்து சேர்ந்தான். கழுத்தில் ஒரு மெடல், காலில் பதினொரு அட்டைக்கடி. அண்ணி எண்ணிப் பார்த்தார். பிறகு, மேசைக்காரப் பெண் கொடுத்த நடைப் பயணத் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "கம்போங் அடிடாஸ் ஆறாம் நம்பர் கிடைக்குமான்னு கேளுடா" என்றார் மகனிடம்.