பனியிலே விழப் பழகினேன்!

எங்கள் கும்பகோணத்தில் மார்கழி மாதம் வாசல் தெளிக்க வரும்போதே காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிக் கொள்கிறவள் நான். அப்படிப்பட்டவளைப் பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி குளிரில் காட்டுக்குள் கூட்டிக் கொண்டு போய், "நடக்கா, ஒண்ணும் ஆகாது!" என்றாள் என் தங்கை. நடந்தேன். சறுக்கினேன். விழுந்தேன்! அந்தக் கதையைத்தான் சகோதரிகளுக்குச் சொல்லப் போகிறேன்.

தங்கை இருப்பது கனடாவின் தலைநகரான ஒட்டாவாவில். 2025 பிப்ரவரியில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். குளிர்காலம் வந்தால் அந்த ஊர் ஜனங்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அதுதான் இல்லை! ஞாயிற்றுக்கிழமை வந்தால் குழந்தை குட்டிகளோடு பனியில் விளையாடக் கிளம்பி விடுகிறார்கள்.

ஆற்றைத் தாண்டி க்யூபெக் மாகாணத்துக்குள் நுழைந்தால் கட்டினோ பூங்கா. பூங்கா என்றதும் ஊஞ்சலும் நீரூற்றும் நினைக்க வேண்டாம். 361 சதுர கிலோமீட்டர் மலையும் காடும் ஏரியும்! பனியில் சறுக்கிப் போவதற்கென்றே சுமார் 200 கிலோமீட்டர் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள்.

எனக்கோ விழுவது என்றாலே குலை நடுங்கும். காரணம் உண்டு. 2020-ல் எங்கள் அம்மா முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தவள், 2021 மே மாதம் போய் விட்டாள். அன்று முதல் நான் கிணற்றடிக்குப் போனாலும் சுவரைப் பிடித்துக் கொண்டுதான் போவேன். கோயில் குளத்தில் படி இறங்குவதையே விட்டு விட்டேன். வயது என்னவோ நாற்பத்தேழுதான்!

முதலில் உடுப்பு. "புடவைக்கு மேலே கோட்டுப் போட்டுக்கறேனே" என்றேன். தங்கை ஒப்பவில்லை. பருத்தித் துணி வியர்வையில் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை இழுத்து விடுமாம். ஆகவே உள்ளே ஒட்டினாற்போல் பாலியெஸ்டர் உடுப்பு, அதற்கு மேல் கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் காற்றுப் புகாத கோட்டு. மூன்று அடுக்கு! கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. புதுப் பனி வெயிலை நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் திருப்பி அடிப்பதால் கண் கூசும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அப்போதுதான் நடந்து சூடேறியதும் சரியாக இருக்கும் என்பதும் அவள் பாடம்.

முதலில் ஸ்நோ ஷூ. பூட்ஸுக்கு அடியில் முறம் மாதிரி ஒன்றைக் கட்டி விடுகிறார்கள். அந்த நாட்டுப் பூர்வகுடிகள் மரத்தை வளைத்து, தோல் வாரால் பின்னிச் செய்து, காலங்காலமாக அதைப் போட்டுக் கொண்டுதான் வேட்டைக்குப் போனார்களாம். இப்போது அலுமினியச் சட்டம், அடியில் வழுக்காமல் இருக்கப் பல். சேற்று வயலில் பலகை போட்டு நடந்தால் கால் புதையாதல்லவா, அதே தத்துவம்தான். பாரம் பரவி விடுகிறது. காலை அகட்டி வாத்து மாதிரி நடக்க வேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் பழகி விட்டது. இலை உதிர்த்த மேப்பிள் மரங்கள் நடுவே, நம் காலடிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. ஆனால் சறுக்குப் பாதையில் மட்டும் கால் வைக்கக் கூடாது. பாதை கெட்டு விடும்.

அடுத்ததுதான் சோதனை. கிராஸ் கன்ட்ரி ஸ்கீ! ஆள் உயரத்துக்கும் மேல் நீளமாக இரண்டு ஒல்லிப் பட்டைகள். கால் கட்டைவிரல் பக்கம் மட்டும் மாட்டிக் கொள்ளும். குதிகால் தூக்கினால் எழும்பும். பட்டைக்கு அடியில் மீன் செதில் மாதிரி வரிவரியாக இருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே போகாது. மாட்டு வண்டித் தடம் போல் இயந்திரத்தால் இரண்டு பள்ளம் போட்டிருக்கிறார்கள். அதில் காலை வைத்து, வலது காலுக்கு இடது கை என்று வீசிப் போக வேண்டியது.

நாலடி போனேன். ஐந்தாவது அடியில் தொப்பென்று விழுந்தேன்! கண்ணை மூடிக் கொண்டு, "போச்சு, இடுப்பு போச்சு" என்று கத்தினேன். தங்கை மகள், ஏழு வயது வாண்டு, விழுந்து விழுந்து சிரித்தது. "பெரியம்மா, விழப் போறோம்னு தெரிஞ்சா நீங்களே பக்கவாட்டிலே உக்காந்துடணும். கையை ஊணக் கூடாது. இங்கே பாருங்க!" என்று தானே விழுந்து காட்டியது. எழுந்திருக்கவும் வழி சொன்னது: இரண்டு பட்டைகளையும் சேர்த்து, சரிவுக்குக் குறுக்கே வைத்து, மண்டியிட்டு, ஒவ்வொரு காலாக எழ வேண்டும். அன்று ஏழு தடவை விழுந்தேன். ஏழு தடவையும் நானே எழுந்தேன்!

வழியில் ஒரு மரக்குடில். நடுவே விறகடுப்பு. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து குளிர் காயலாம். டப்பாவைத் திறந்து புளியோதரை சாப்பிடும்போது தங்கை மெல்லக் கேட்டாள். "அம்மா போனப்போ நான் வரலைன்னு இன்னும் கோபமாக்கா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கோபம்தான். 2021 ஏப்ரலில் கொரோனாவால் இந்தியாவிலிருந்து கனடாவுக்கு நேரடி விமானங்களையே நிறுத்தி விட்டார்கள். இவள் வந்திருந்தால் மூன்று வயதுக் குழந்தையை விட்டு எத்தனை நாள் மாட்டிக் கொண்டிருப்பாளோ! அறிவுக்குத் தெரிந்தது மனசுக்கு எட்டவில்லை. "அப்போ ராத்திரியெல்லாம் தூக்கம் வராது. விடிஞ்சதும் இந்தக் காட்டுக்கு வந்து நடந்துகிட்டே அழுவேன்" என்றாள். அவள் கையுறையைக் கழற்றிக் கையைப் பிடித்துக் கொண்டேன். வேறு ஒன்றும் பேசவில்லை. டப்பாவில் இருந்த கடைசி வாயை அவளுக்குத்தான் கொடுத்தேன்.

கனடாவில் இந்தச் சறுக்கு நடையைப் பரப்பியவர், நார்வேயில் பிறந்த ஹெர்மன் ஸ்மித் யோஹான்சன். 'ஜாக் ராபிட்', அதாவது முயல் என்பது அவர் செல்லப் பெயர். நூறு வயதுக்கு மேலும் சறுக்கிக் கொண்டிருந்தாராம்! 1987-ல் காலமானபோது வயது 111.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக முற்றத்துப் பாசியைச் சுரண்டி, சுவரில் கைப்பிடிக் கம்பி போட்டேன். பால் பொங்கக் காத்திருக்கும் நேரத்தில் மேடையை ஒரு கையால் தொட்டுக் கொண்டு ஒற்றைக் காலில் நிற்கப் பழகுகிறேன். கால் பலமும் நிதானமும் இருந்தால் விழுவதே குறையும். மூட்டுவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக் கொண்டு செய்யுங்கள்.

போன வெள்ளிக்கிழமை குளத்தில் கடைசிப் படி வரை இறங்கிக் கால் நனைத்தேன். வீட்டுக்கு வந்ததும் தங்கைக்குத்தான் முதல் ஃபோன்!