கிளெய்ம் கோப்பு

தூத்துக்குடியில் ஏற்றுமதிச் சரக்கைக் கன்டெய்னரில் அடுக்கி அனுப்பும் நிறுவனம் அது. பல வருஷம் வேலை பார்த்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்களை ஒரே நாளில் நிறுத்திவிட்டு காண்டிராக்ட் ஆட்களை வைத்தது. ஒரு மாத நோட்டீஸ் இல்லை. வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற இழப்பீடும் இல்லை. 1947ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்தின் 25எஃப் பிரிவு அப்பட்டமாக மீறப்பட்டிருந்தது.

ஆனாலும் ஓட்டுநர்களின் வக்கீலான எனக்குப் பயம் இருந்தது. “கம்பெனி நஷ்டத்தில் ஓடுகிறது, இவர்களைத் திரும்ப எடுத்தால் மூடவேண்டியதுதான், ஒரு தொகை தந்துவிடுகிறோம்” என்றது நிர்வாகம். பணிநீக்கம் செல்லாது என்று சொன்ன பிறகும், வேலைக்குப் பதிலாகத் தொகையோடு முடித்த தீர்ப்புகள் உண்டு.

வழி காட்டியவர் மூத்த ஓட்டுநர் அண்ணாச்சிதான். “நிலாவரை இலை லோடு ஏத்துறதுக்கு முன்ன நான் பெட்டிக்குள்ள போயி நின்னுக்கிடுவேன் சார். வெளிய கதவை அடைக்கச் சொல்லுவேன். இருட்டுல புள்ளி மாதிரி வெளிச்சம் தெரிஞ்சா அந்தப் பெட்டியே வேண்டாம்னுருவேன். வெளிச்சம் வார ஓட்டையில தண்ணியும் வரும்லா?”

புதிய ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர ஆளில்லை. சம்பளப் பதிவேட்டோடு சரக்குச் சேத கிளெய்ம் கோப்பையும் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி மனுப் போட்டேன். நனைந்த நிலாவரைக்கும் சரிந்த மூட்டைகளுக்கும் வந்த கோரிக்கைகள் கோப்பில் வரிசையாக இருந்தன. குறுக்கு விசாரணையில் ஹெச்.ஆர். மேலாளரிடம் கேட்டேன்: “இந்தப் பணம் கணக்கில் எங்கே வருகிறது?”

“இதர செலவில்.”

“ஆட்களை நிறுத்திய பிறகு அது கூடியதா?”

“கூடியிருக்கிறது.”

மிச்சம் பிடித்த சம்பளத்தைவிட அது அதிகம் என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். பொய் சொல்லாத மனிதர். இன்றும் அவர்மீது எனக்கு மரியாதை உண்டு.

மிச்சம் பிடித்த கூலி நஷ்டமாகத் திரும்பும் என்ற பாடம் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1908 பிப்ரவரி 27இல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது அவர்களுக்குத் துணை நின்ற வ.உ.சி.யும் வக்கீல்தான். குறைந்த கூலியில் லாபம் பார்த்த, அந்த ஆலையை நடத்திய ஹார்வி நிர்வாகம், ஆலை நின்றதும் இறங்கிவந்தது. கூலி உயர்வுக்கும் ஞாயிறு விடுமுறைக்கும் சம்மதித்தது. கைப்பழக்கமுள்ள ஆள் இல்லாமல் இயந்திரம் சம்பாதிக்காது என்பது அன்றே தெரிந்த கணக்கு.

பணித் தொடர்ச்சியோடும் பின்சம்பளத்தோடும் எல்லாரையும் வேலைக்கு எடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நிர்வாகம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. அதே சட்டத்தின் 17பி பிரிவின்கீழ் கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதாமாதம் தரவேண்டி வந்ததும் சமரசத்துக்கு வந்தது. அண்ணாச்சி அதே யார்டில் ஓய்வுபெற்றார்.

தொழிலாளர் வழக்கு நடத்தும் இளம் வக்கீல்களுக்கு ஒன்று: எதிர்த்தரப்பு நஷ்டம் என்று சொன்னால் சம்பளப் பதிவேட்டோடு நிற்காதீர்கள், கிளெய்ம் கோப்பையும் வரவழையுங்கள்.