போத்தலில் வந்த பலம்

ஹட்டன் கடைத் தெருவிலே இப்போது பழரசப் போத்தல்களுக்கு வந்திருக்கும் மவுசு கொஞ்சமன்று. வெறும் பழரசம் என்றால் யார் வாங்குவார்? விற்றமின்கள் சேர்த்தது என்று மேலே அச்சிட்டிருக்க வேண்டும். அப்படியொரு போத்தலுடன் என் சித்தி சென்ற மாதம் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்தார்.

சித்தி முப்பது வருடம் கொழுந்துக் கூடை சுமந்தவர். இரத்தம் குறைவு என்று வைத்தியசாலையில் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

“மாத்திரை வயித்தப் பொரட்டுதும்மா. இதக் குடிச்சா ரத்தம் ஊறும்னு கடக்காரரு சொன்னாரு. மாத்திரைய நிப்பாட்டிரலாம்னு இருக்கேன்” என்றார்.

இதைக் கேட்டபின் பானத்தின் உருசியை மட்டும் ஆராய்ந்துகொண்டிருக்க முடியுமா? ஆயினும் ஆளுக்கு அரைக் குவளை குடித்தோம். நல்ல இனிப்பு. மாம்பழ வாசனையும் இருந்தது. மாம்பழம் எவ்வளவு இருந்தது என்பது வேறு விஷயம். போத்தலின் மேல் சிவப்பு அடையாளம். இலங்கையில் 2016ஆம் ஆண்டு முதல் இத்தகைய பானங்களில் சீனியின் அளவை நிறத்தால் காட்டவேண்டும் என்பது விதி. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு. இதிலே 12 கிராம். 500 மில்லிலீற்றர் போத்தலுக்கு 60 கிராம், அதாவது சுமார் 15 தேக்கரண்டிச் சீனி! விற்றமின் ‘சி’யின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. இரும்புச் சத்தின் பெயரோ சிறிய எழுத்திற்கூட இல்லை.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகனுக்கு வேறொரு சந்தேகம். 2004இல் நியூசிலாந்திலே அன்னா தேவதாசன், ஜெனி சுவோ என்ற இரு பாடசாலை மாணவிகள் ‘ரைபீனா’ என்ற பானத்தைச் சோதித்து, அதில் விற்றமின் ‘சி’ மிகக் குறைவு என்று கண்ட கதையை அவன் படித்திருந்தான். விஷயம் நீதிமன்றம் வரை சென்று, 2007இல் அந்நிறுவனத்துக்கு 217,500 நியூசிலாந்து டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. பதினான்கு வயதுப் பெண்களின் வேலை!

மகன் விடவில்லை. சோற்றுக் கஞ்சியில் அயடின் துளி விட்டு நீலமாக்கினான். விற்றமின் ‘சி’ அந்த நீலத்தைப் போக்கும். போத்தல் பானம் ஏழு துளியில் போக்கியது; வீட்டுக் கொய்யாவின் சாறு நாலே துளியில் போக்கியது. பழுதாகாதிருக்கச் சேர்க்கும் சில மருந்துகளும் நிறத்தை மாற்றக் கூடுமாதலால், இது முடிவான சோதனையன்று. எனினும் எடைக்கு எடை பார்த்தால் தோடம்பழத்தைப் போல் நான்கு மடங்கு விற்றமின் ‘சி’ கொய்யாவில் உண்டு என்பது நூலறிந்த உண்மை.

மறுநாள் சித்தியை வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். மாத்திரையை நிறுத்தலாகாது, வயிறு புரட்டினால் உணவுக்குப் பின் விழுங்கலாம் என்றார் அவர். கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்பை உடல் ஏற்க விற்றமின் ‘சி’ உதவும். அதற்குக் கொய்யாவோ எலுமிச்சையோ போதும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரிலுள்ள துவர்ப்புச் சத்துத்தான் அந்த இரும்பைச் சேரவிடாமல் தடுக்கிறதாம். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொன்னார்.

பஸ்ஸில் திரும்புகையில் சித்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“காலமெல்லாம் தேயிலையக் கிள்ளித்தான் சோறு தின்னோம். இப்பச் சோத்துக்கும் தேத்தண்ணிக்கும் ஆகாதாமில்ல!”

அடுத்த இரத்தப் பரிசோதனை வருகிற மாதம். மாத்திரை ஒழுங்காக நடக்கிறது. தேத்தண்ணீர் விஷயத்தில் மட்டும் அரை மணிக்குச் சம்மதித்திருக்கிறார்.