கார்போக அரிசி

கார்போக அரிசி அரிசியல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரை இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் விதை அது. கறுத்து, சற்றே வளைந்து, மிளகைவிடச் சிறியதாக இருக்கும். நலங்கு மாவு அரைக்கும்போது கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு ஆகியவற்றுடன் இதையும் ஒரு பிடி போடுவார்கள். அந்த மாவைத் தேய்த்துக் குளித்த குழந்தையைத் தூக்கினால் ஒரு வாசனை வரும் பாருங்கள், அதை எந்த சோப்புக் கம்பெனிக்காரனும் இன்றுவரை பெட்டிக்குள் அடைத்ததில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் கார்போக அரிசி என்றால் வாசனை நினைவுக்கு வராது. அத்தைதான் நினைவுக்கு வருவாள்.

1959-ல், அத்தைக்குப் பதினாறு வயதில், முழங்கைக்குக் கீழே சுண்டைக்காய் அளவு ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றியது. ஆறு மாதத்துக்குள் உதட்டோரத்தில் ஒன்று, கணுக்காலில் இரண்டு. வலி இல்லை, அரிப்பு இல்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் வியாதியும் இல்லை. சருமத்துக்கு நிறம் தரும் உயிரணுக்களை உடம்பே பகையென்று எண்ணி அழித்துவிடுவதால் வருவது. ஆனால் ஊரார் அதற்கு வைத்திருந்த பெயர் வெண்குஷ்டம். குஷ்டத்துக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. குஷ்டம் என்றால் விவாகரத்துக் கேட்கலாம் என்று நம் சட்டப் புத்தகமே 2019 வரை சொல்லிக்கொண்டிருந்ததென்றால், பெயரை மட்டும் கடன் வாங்கிய நோய்க்காரியின் கதியைக் கேட்பானேன்? இப்போது வெண்புள்ளி என்கிறோம். நல்ல காரியம். அத்தைக்கு வந்த நாலு வரன்களும் பழைய பெயர்க் காலத்தில் வந்து, அந்தக் காலத்திலேயே திரும்பிப் போயின.

தாத்தா வைத்தியரை அழைத்து வந்தார். கார்போக அரிசியை ஊறவைத்து அரைத்துப் பூசிக்கொண்டு காலை வெயிலில் உட்கார வேண்டும் என்றார் அவர். அத்தை தினம் கிணற்றடியில் பலகை போட்டு உட்காருவாள். பூசுவது சரி, வெயில் எதற்கு என்று எனக்குப் புரிந்ததில்லை. வெகுநாள் கழித்துப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1933-ல் நம் நாட்டு ரசாயன அறிஞர்கள் அந்த விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து எடுத்தார்கள். சோரலென் என்று அதற்குப் பெயர். இருட்டில் அது வெறும் பொடி. சூரியனின் புற ஊதாக் கிரணம் பட்டால்தான் விழித்துக்கொண்டு வேலை செய்யும். நைல் நதிக்கரையில் முளைக்கும் வேறொரு செடியிலும் இதே குடும்பத்துச் சரக்கு இருக்கிறது. அதைத் தேனில் குழைத்துத் தின்று வெயிலில் உட்காரும் வழக்கத்தைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இப்னுல் பைத்தார் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். 1940-களில் கெய்ரோவில் எல் மோஃப்டி என்ற டாக்டர் அதைச் சோதித்துப் பார்த்து, உலகத்து வைத்தியர்களுக்கெல்லாம் சொன்னார். நம் வைத்தியரும் அந்த எகிப்தியரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இருவரும் நோயாளியை வெயிலில்தான் உட்கார வைத்தார்கள்!

மூன்றாம் மாதம், அத்தையின் முழங்கையில் மயிர்க்கால்களைச் சுற்றிக் கடுகு கடுகாய் நிறம் எட்டிப் பார்த்தது. பாட்டி திருஷ்டி கழித்தாள். மயிர்க்காலின் அடியில் பதுங்கித் தப்பித்த உயிரணுக்கள்தாம் இப்படிப் பெருகி மேலே வருகின்றனவாம். மயிரே இல்லாத இடத்தில் எதிலிருந்து வரும்? உதட்டோரம் கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது. பெண் பார்க்க வருகிறவன் முழங்கையையா பார்க்கிறான்?

வைத்தியர் சொன்ன நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் சீக்கிரம் குணமாகும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அத்தை ஒருநாள் உச்சி வெயில்வரை உட்கார்ந்துவிட்டாள். கணுக்கால் தீப்பட்டாற்போல் கொப்புளித்து, பதினைந்து நாள் நடக்க முடியவில்லை. பச்சிலை மருந்து, கெடுதல் செய்யாது என்று சொல்கிறார்களே, அவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கெடுதலே செய்யத் தெரியாத மருந்துக்குக் குணம் செய்யவும் தெரியாது. இந்த விதையை உள்ளுக்குச் சாப்பிட்டு ஈரல் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.

இரண்டாம் வருஷம் அத்தை பலகையைப் பரணில் போட்டுவிட்டு ஆசிரியைப் பயிற்சிக்குப் போனாள். தாத்தா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. முப்பத்திரண்டு வருஷம் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் சொன்னாள். உதட்டில் ஏன் சுண்ணாம்பு என்று புதுக் குழந்தை ஒன்று வருஷந்தோறும் கேட்கும். "தாம்பூலம் போட்டேனடா" என்பாள்.

போன வருஷம் என் தம்பி பேத்திக்குக் கண்ணோரம் ஒரு புள்ளி வந்தது. அவள் தாயார் எங்கிருந்தோ கார்போக அரிசி எண்ணெய் என்று ஒரு குப்பி வாங்கி வந்தாள். அத்தை அதை முகர்ந்து பார்த்து மூடி வைத்தாள். "ஏண்டி அம்மா, கண்ணுக்குப் பக்கத்திலா இதைத் தடவுவது? முதலில் தோல் டாக்டரிடம் காட்டு" என்றாள். இப்போது வெறும் கிரணத்தாலேயே சிகிச்சை செய்கிறார்கள். விதையும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். 2022-ல் அமெரிக்காவில் ஒரு களிம்புக்கும் அனுமதி தந்திருக்கிறார்கள். வாரம் இரண்டு முறை, விளக்குப் பெட்டிக்கு முன்னால், கண்ணுக்குக் கறுப்புக் கவசம் போட்டுக் குழந்தையை நிறுத்துகிறார்கள். எண்பது வயது தாண்டிய அத்தை கூடவே போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு.