ஓதம் காத்த வீடு

சைதாப்பேட்டை வீட்டுக்குப் போனால் இப்போதெல்லாம் திண்ணையோடு நின்றுவிடுகிறேன். அம்மா உள்ளேயிருந்து காபி கொண்டுவருவாள். வாசற்படிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொள்வேன். கதவு திறந்திருக்கும். நடையைத் தாண்டிக் கூடத்தின் சிவப்புத் தரை தெரியும். நான் தவழ்ந்த தரை அது. நாற்பத்து மூன்று வருடம் அதன்மேல் நடந்திருக்கிறேன். இன்று உள்ளே போய்ச் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் இருந்தால் தொண்டை அரிக்கிறது, மூக்கு அடைத்துக்கொள்கிறது, மறுநாள் முழுக்க மண்டை பாரமாகக் கிடக்கிறது. அதனால் திண்ணை.

1940களில் தாத்தா கட்டிய வீடு. ஒன்றரை அடிச் சுவர். சுண்ணாம்புக் காரைப் பூச்சு. கலவைக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை ஊற்றினார்களாம். மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி அடுக்கிய கூரை. மார்கழி கடைசியில் அப்பா ஒரு பழைய தகர டிரம்மில் சுட்ட கிளிஞ்சலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். அது அடுப்பில்லாமலே கொதிக்கும். நானும் அண்ணனும் தள்ளி நின்று பார்ப்போம். இரண்டு நாள் ஆறியதும் வடிகட்டி, நீலம் கலந்து, மட்டையால் நான்கு சுவருக்கும் அடிப்பார். பொங்கலன்று வீடு முழுக்க ஒரு காரமான வெள்ளை வாசனை இருக்கும்.

சுண்ணாம்பு அடித்த சுவர் மழையில் நீரை வாங்கும், வெயிலில் திருப்பிக் கொடுத்துவிடும். அதன் காரத்தில் பூஞ்சணம் எளிதில் வேர் பிடிப்பதில்லை. அப்பா இந்தக் காரணமெல்லாம் சொன்னதில்லை. வருடா வருடம் செய்தார், அவ்வளவுதான். அவர் போன பிறகு அந்த வேலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பெயின்ட் அடித்தால் ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை என்று நாங்களும் நினைத்தோம்.

எனக்கு அந்த வீட்டின் வாசனை மிகவும் பிடிக்கும். ஐப்பசி மழை பிடித்ததும் அது வரும். நனைந்த சுண்ணாம்பு, பழைய காகிதம், பீரோவிலிருந்து அந்துருண்டை, அடுக்களையிலிருந்து டிகாஷன், எல்லாவற்றுக்கும் அடியில் மண்பானைக்குள் முகம் வைத்தது போன்ற ஒரு குளிர்ச்சி. திருச்சியில் ஹாஸ்டலில் இருந்த நாட்களில் விடுமுறைக்கு வந்ததும் முதல் வேலையாக அப்பாவின் புத்தக அலமாரியைத் திறந்து மூச்சை இழுப்பேன். வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து, அடுக்கி, பைண்டு செய்து வைத்திருந்தார். பைண்டர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சியும் பூஞ்சணமும் அண்டாமல் இருக்க. அப்படியிருந்தும் பல வருட ஓதத்தில் அந்தத் தொகுப்புகளின் முதுகில் சாம்பல் பூத்திருக்கும். துணியால் துடைத்துவிட்டுப் படிப்பேன். பூஞ்சணம் வளரும்போது வெளிவிடும் ஆவிகள்தான் அந்த ஓத வாசனை என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அம்மாவின் புடவை வாசனைக்கு அடுத்தபடி நான் நேசித்த வாசனை அது. இதை இன்றைக்கும் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை.

2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரைபுரண்டு எங்கள் தெருவுக்குள் வந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. மறைமலையடிகள் பாலத்தைத் தண்ணீர் மூழ்கடித்தது. எங்கள் கூடத்தில் இடுப்பளவு நின்றது, இரண்டு பகல் இரண்டு இரவு. மாடியில் அண்ணன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, கீழே ஏதேதோ சாமான்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். வடிந்த பிறகு கணுக்கால் அளவுக்குச் சேறு. அப்பாவின் அலமாரியில் கீழ் மூன்று தட்டும் கூழாகிப் போயிருந்தன.

அடுத்து நடந்ததற்கு நான்தான் காரணம். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு கோடை முழுக்கக் காயட்டும்மா, உள்ள இன்னும் தண்ணி இருக்கு" என்று கொத்தனார் சொன்னார். நான் கேட்கவில்லை. பட்டி பார்த்து, பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். ஒன்றரை அடிச் சுவர் குடித்திருந்த நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது. ஆடிக்குள் பெயின்ட் கொப்பளித்தது, உப்புப் பூத்தது. பீரோவைச் சற்று நகர்த்திப் பார்த்தபோது அதன் பின்னால் காற்றே படாத இடத்தில், ஆள் உயரத்துக்குக் கரும்பச்சை. பினாயில், பிளீச்சிங் பவுடர், சோப்புத் தண்ணீர் என்று துடைத்தேன். நிறம் போகும், மூன்று வாரத்தில் திரும்ப வரும். காரைக்குள் ஈரம் இருக்கும்வரை மேலே துடைத்து ஆவதில்லை. அம்மா வெள்ளி, செவ்வாய் சாம்பிராணி போடுவாள். அந்தப் புகையில் எனக்கு இருமல் இன்னும் கூடும். அவளிடம் சொல்ல மனம் வராது.

அந்த வருடம்தான் உடம்பு தளர ஆரம்பித்தது. முடி சீப்போடு வந்தது. சித்திரை வெயிலில் எனக்கு மட்டும் குளிர்ந்தது. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே இருக்கையில் தெரிந்த சொல் நாக்கில் வராமல் நின்றுவிடும். பிள்ளைகள் காத்திருப்பார்கள். குரல் கரகரத்தது. வயது, வேலை, வெள்ளத்தின் அலைச்சல் என்று ஒன்றரை வருடம் கடத்தினேன். 2017 ஆவணியில் சோதனைக்கு ரத்தம் கொடுத்தபோது, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் 38. நான்கைத் தாண்டினாலே கவனிப்பார்கள். எதிர்ப்பணுச் சோதனையும் செய்து, "ஹாஷிமோட்டோ" என்றார் டாக்டர்.

1912இல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற இளம் ஜப்பானிய மருத்துவர் கழுத்து வீங்கிய நான்கு பெண்களின் சுரப்பித் திசுக்களை ஆராய்ந்து எழுதியதிலிருந்து வந்த பெயர். உடம்பின் காவல்படையே தைராய்டைப் பகையென்று எண்ணித் தின்னும் நோய். உப்பில் அயோடின் குறைந்து வருவதல்ல. முட்டைக்கோஸைத் தொடாதே என்று தெருவில் பாதிப்பேர் சொன்னார்கள், அதிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. அணு அணுவாய் அழிந்துகொண்டிருந்த சுரப்பிக்குப் பதிலாகத் தினம் ஒரு மாத்திரை, ஆயுள் முழுக்க.

மாத்திரை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. காபிதான் தெரிந்தது. வெறும் வயிற்றில் போட வேண்டும், குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குக் காபி கூடாது, மருந்தை உடம்பு ஏற்பதைக் காபி குறைத்துவிடும் என்றார் டாக்டர். நினைவு தெரிந்ததிலிருந்து நானும் அம்மாவும் காலை ஐந்தேகாலுக்குக் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடிப்போம். அப்பா இருந்தபோதும் அந்த வேளை எங்கள் இருவருக்குமானது. பால்காரர் மணி, கோயிலில் முதல் பாட்டு, எலெக்ட்ரிக் ரயிலின் தூரத்துச் சத்தம். பேச்சு அதிகம் இருக்காது. மறுநாள் நான் ஐந்தேகாலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, "நீ குடிம்மா" என்றேன். "உன்கூடவே குடிக்கிறேன்" என்றாள். டிகாஷனை இறக்காமலே ஆறேகால் வரை உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாளும் அப்படியே. அப்புறம் அதுவே பழகிவிட்டது.

நான்கு மாதத்தில் டிஎஸ்ஹெச் வழிக்கு வந்தது. முடி நின்றது, குளிர் போனது. ஆனால் காலை இருமலும் அடுக்குத் தும்மலும் மண்டையில் அந்த மூட்டமும் போகவில்லை. தாள் சரியாக இருக்கிறது, நான் சரியாக இல்லை. தங்கையின் பிரசவத்துக்கு மதுரை போய்ப் பத்து நாள் இருந்தேன். ஐந்தாம் நாள் காலையில் இருமாமல் எழுந்ததை நானே வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன். ஊர் திரும்பிய இரண்டாம் இரவு மறுபடி ஆரம்பித்தது. நுரையீரல் மருத்துவர் தோலில் ஊசியால் குத்தும் ஒவ்வாமைச் சோதனை செய்தார். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கு முன்கையில் கொசுக்கடிபோல் தடித்துக்கொண்டது.

"அப்போ தைராய்டும் இதனாலதானா டாக்டர்?"

அவர் அவசரப்படவில்லை. இருமலும் தும்மலும் பூஞ்சையால் என்று சொல்லலாம் என்றார். ஈரமான வீடுகளில் ஆஸ்துமாவும் சுவாசக் கோளாறும் கூடுவது நன்றாகத் தெரிந்த விஷயம், உலக சுகாதார நிறுவனமே 2009இல் அதற்கென வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. பூஞ்சை தைராய்டைக் கெடுக்கும் என்பதற்கு மட்டும் நிரூபணம் இல்லை. "நான் இல்லாததைச் சொல்லி உங்களை வீட்டைவிட்டுக் கிளப்பக் கூடாது. ஆனா, அந்த வீட்ல இருக்காதீங்கன்னு இருமலுக்காகவே சொல்லலாம்." அந்த நேர்மைக்கு இன்றும் அவரை நினைத்துக்கொள்கிறேன். எனக்கு வேண்டியிருந்ததோ ஒரே ஒரு காரணம். வெள்ளம், சுவர், பூஞ்சணம், கழுத்து என்று ஒரே கோட்டில் கோத்துக்கொண்டால் மனதுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கோக்க முடியவில்லை. பாதி மூட்டம் நோயால், பாதி வீட்டால், எது எவ்வளவு என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியவில்லை.

"இதே வீட்ல நாங்க எல்லாம் இருக்கோமே, எங்களுக்கு என்ன ஆச்சு? மழை பெஞ்சா சுவர் ஓதம் காக்கத்தான் செய்யும்" என்றாள் அம்மா. என்னிடம் பதில் இல்லை. ஒரே காற்று ஒருத்தியைத் தொடாமல் போகிறது, இன்னொருத்தியைப் படுக்கவைக்கிறது. தன் வீட்டை நான் பழிப்பதாக அவள் எடுத்துக்கொண்டாள். என்கூட வா என்று கூப்பிட்டேன். வரவில்லை.

2019 தை பிறந்ததும் பல்லாவரத்தில் மூன்றாவது மாடிக்குக் குடிபோனேன். பிற்பகல் முழுக்க மேற்கு வெயில், நான்கு ஜன்னல், சுவரில் ஒரு பொட்டு ஈரமில்லை. ஒரு புத்தகத்தைக்கூட எடுத்து வரவில்லை. தப்பிய மேல் தட்டுத் தொகுப்புகளில் இரண்டை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி வைத்திருந்தேன். கிளம்பும்போது அவற்றையும் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன். அவற்றோடு பூஞ்சை வித்துகளும் வந்துவிடும் என்ற பயம். அப்பா தொடர் முடிந்த வாரத்தின் தேதியைச் சிவப்பு மையில் எழுதியிருப்பார். அந்த மை எப்படியிருக்கும் என்று கண்ணை மூடினால் தெரிகிறது.

இருமல் போய்விட்டது. மூட்டம் குறைந்திருக்கிறது. மாத்திரையின் அளவு அன்று இருந்த அதே 75 மைக்ரோகிராம்தான், குறையவில்லை, கூடவுமில்லை. இந்த வீட்டுக்கு எந்த வாசனையும் கிடையாது. மழை பெய்தால் ஜன்னலைத் திறந்துவைத்து மூச்சை இழுத்துப் பார்ப்பேன். சாலையின் தார் வாசனை வரும்.

போன கோடையில் அண்ணன் கூடத்துச் சுவர் ஒன்றைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சுப் பூசியிருக்கிறான். மீதி மூன்று சுவருக்குப் பணம் சேர்க்க வேண்டும். ஒரு கார்த்திகை ஞாயிறு மாலை திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது தூறல் பிடித்தது. கதவு வழியே அந்த வாசனை மெல்ல வந்தது. எழுந்து தள்ளிப் போக வேண்டும் என்று தெரியும். உட்கார்ந்தே இருந்தேன்.

அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறாள் என்றாள். "ஒண்ணுதான் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. நாலரைக்கே எந்திரிச்சிடறாங்க. பாலும் வந்துடுது. அத்தை ஆறேகாலுக்கு முன்னாடி காபி குடிக்கிறதே இல்ல."