ரேஸ்கோர்ஸிலிருந்து போனவர்கள்

கொழும்பு ரேஸ்கோர்ஸில் இன்றைக்கு இருப்பது கடைகளும் ரக்பி மைதானமும். பழைய பார்வையாளர் மண்டபத்தின் கீழே கோப்பி குடிக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகளிடம், இங்கிருந்து குண்டுவீச்சு விமானங்கள் சண்டைக்குப் போயின என்று சொன்னால் சிரிப்பார்கள். ஜப்பானியர் நெருங்கி வந்த நாட்களில் கறுவாத்தோட்டத்து மாளிகைகளுக்கு நடுவே குதிரை ஓடிய திடலில் அவசர அவசரமாக ஓடுபாதை போட்டார்கள். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில் கொழும்பைத் தாக்க வந்தவர்களுக்கு இப்படி ஒரு தளம் இருப்பதே தெரியாது.

அந்த ஞாயிறைப் பற்றி என் அம்மப்பா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவர் கதையில் சைரன் வரும், கோட்டை ஸ்டேஷனில் தலைமன்னார் ரயிலுக்கு முண்டியடித்த சனம் வரும், பூட்டிய கடைகள் வரும். ரேஸ்கோர்ஸ் விமானிகள் மட்டும் வரமாட்டார்கள். அவர்களுடைய நாள் ஞாயிறு அல்ல, நாலு நாள் கழித்து வந்த வியாழன்.

ஏப்ரல் 9 காலை ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படை திருகோணமலையைத் தாக்கிக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் பதினோராம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த பிளென்ஹெய்ம் குண்டுவீச்சு விமானங்கள் ரேஸ்கோர்ஸிலிருந்து கிளம்பின. எகிப்திலிருந்து மார்ச்சில்தான் இலங்கைக்கு வந்து சேர்ந்த அணி அது. பிளென்ஹெய்ம் அப்போதே பழசு. விமானி, வழிகாட்டி, வயர்லெஸ்ஸையும் துப்பாக்கியையும் சேர்த்துப் பார்க்கும் ஒருவர் என்று மூன்றே பேர். துணைக்குப் போர் விமானம் ஒன்றுகூட இல்லை. ஒன்பது விமானங்கள் கப்பற்படையைக் கண்டுபிடித்து, பதினோராயிரம் அடி உயரத்திலிருந்து குண்டு போட்டன. தலைமைக் கப்பலான அகாகிக்குப் பக்கத்தில் தண்ணீர் எழும்பிய பிறகுதான் மேலே விமானம் நிற்பதே கீழே இருந்தவர்களுக்குத் தெரிந்தது. ஒரு குண்டும் படவில்லை. சீரோ விமானங்கள் பாய்ந்து நாலு பிளென்ஹெய்ம்களை வீழ்த்தின. அதே முற்பகலில் மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸை மூழ்கடித்துவிட்டுத் திரும்பிய ஜப்பானிய விமானங்கள் வழியில் எதிர்ப்பட, ஐந்தாவதும் போயிற்று. மிச்சம் நாலும் சல்லடையாகித் திரும்பின.

குண்டு படாததால் கதையும் நிலைக்கவில்லை. ஹேர்மிஸைத் தேடி இன்றும் சுழியோடிகள் மட்டக்களப்புக்கு வருகிறார்கள். அங்கே அடியில் ஒரு கப்பல் கிடக்கிறது. பிளென்ஹெய்ம்களுக்கு அப்படிக் காட்ட ஒன்றுமில்லை. ஆனால் நகுமோவின் கப்பற்படையின் மேல் கூட்டாகப் பறந்து போய்க் குண்டு போட்ட முதல் விமானங்கள் இவைதான். தலைக்கு மேலே ஆள் வந்தும் தெரியாமல் இருந்த அந்தக் குறை இரண்டு மாதம் கழித்து மிட்வேயிலும் இருந்தது. அங்கே அகாகி தப்பவில்லை.

கொக்கலவிலிருந்து பறந்த கனடா நாட்டுக் கட்டலினா கண்காணிப்பு விமானங்களின் கதையும் இப்படித்தான். ஏப்ரல் 4 அன்று கப்பற்படையை முதலில் கண்டு செய்தி அனுப்பியவர் பர்ச்சல். சுட்டு வீழ்த்தப்பட்டு, சிறைப்பட்டு, உயிரோடு மீண்டு 2004 வரை வாழ்ந்தார். இலங்கையைக் காத்தவர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. 9ஆம் தேதி அதே கப்பற்படையை மறுபடி கண்டு செய்தி அனுப்பியது தாமஸ் என்பவரின் கட்டலினா. அதில் ஒருவரும் மிஞ்சவில்லை. பர்ச்சலின் புகழில் எனக்கு ஆட்சேபம் இல்லை, கைதிகள் முகாமில் அவர் நடந்துகொண்ட விதத்துக்கே அது தகும். வந்து சொல்ல ஆளிருந்தால் ஒரு நீதி, இல்லாவிட்டால் ஒரு நீதி என்பதுதான் உறுத்துகிறது.

உடல் கிடைக்காதவர்களுக்குக் கல்லில் இடம் உண்டு. அது இலங்கையில் இல்லை, சிங்கப்பூர் கிராஞ்சியில். தெற்கு, கிழக்கு ஆசியா முழுவதிலும் கல்லறை இல்லாமல் போன விமானப்படையினரின் பெயர்களை அங்கேதான் பொறித்திருக்கிறார்கள். மொத்தம் 24,000க்கு மேல், தரைப்படையினரையும் சேர்த்து. விமான இறக்கை மாதிரியான கூரையின் கீழ்ச் சுவர் சுவராக எழுத்து. தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தபோது பார்க்கப் போனேன். பெயர்கள் பதவி வாரியாக, பதவிக்குள் அகரவரிசையில் நிற்கின்றன. இராணுவ ஒழுங்கு அது. ஆனால் ஒரே விமானத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்து விழுந்த மூன்று பேரை அது பிரித்துவிடுகிறது. அதிகாரி ஒரு பக்கம், சார்ஜன்ட் வேறொரு பக்கம். கையில் பட்டியலோடு சுவருக்குச் சுவர் அலைந்தால்தான் ஒரு குழுவைச் சேர்க்க முடியும். வெயிலில் நான் அலைவதைப் பார்த்த தங்கச்சி, "அண்ணா, உங்களுக்கு என்ன, சொந்தக்காரரா?" என்றாள். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன்.

ரேஸ்கோர்ஸில் இவர்களுக்கு ஒரு பலகை வைக்கும் பொறுப்பை என்னிடம் விட்டால் பதவியைப் பார்க்கமாட்டேன். விமானம் விமானமாக, மும்மூன்று பெயராக எழுதுவேன். திரும்பி வந்த நாலு விமானங்களின் ஆட்களையும் சேர்ப்பேன், அடுத்த முறையும் ஏறப்போகிறவர்கள் அவர்கள்தானே. குண்டு ஒன்றும் படவில்லை என்பதையும் விடாமல் எழுதுவேன்.