தறிக்குழியில் ஊறிய தண்ணீர்

காலிங்கராயன் வாய்க்காலில் தண்ணீர் விட்ட சேதி எங்கள் வீட்டில் அப்பாருவின் கால்விரலில்தான் முதலில் தெரியும். பவானி ஜமக்காளம் அகலமானது. அப்பாருவும் அப்பத்தாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இவர் தள்ளும் நாடாவை அவர் வாங்கி நெய்வார்கள். நாலு கால்களும் ஒரே குழிக்குள். விரல் இடுக்கு வெளுத்துச் சேற்றுப்புண் கண்டால், "வாய்க்கா வந்துருச்சு கண்ணு" என்பார் அப்பாரு.

காலிங்கராயன்பாளையத்தில், வாய்க்காலுக்குப் பள்ளமான பக்கத்து வீடு. பவானி ஆறு காவிரியில் சேர்வதற்குச் சற்று முன்னால் அணை கட்டி, நொய்யல்வரை சுமார் 90 கிலோமீட்டர் இழுத்துப்போன வாய்க்கால் அது. 1283இல் வெட்டி முடித்ததாகச் சொல்வார்கள். மண்கரை என்றால் கசியத்தான் செய்யும். கசிகிற தண்ணீர் பள்ளம் தேடி வரும். வீட்டிலேயே பள்ளமான இடம் தறிக்குழி. மிதிகட்டை ஊறிப் பருக்கும். சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறும். நூலில் மஞ்சளாகக் கறை விழும். அந்த ஜமக்காளத்துக்குக் கூலி குறையும்.

கொத்தனார் ஒருவர் குழிக்குச் சிமெண்ட் பூசிக் கொடுத்தார். அடுத்த தண்ணீருக்கே பூச்சு பொக்கையாகிப் பெயர்ந்தது. பின்னாலிருந்து தண்ணீர் தள்ளும்போது முன்னால் பூசிய பூச்சு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? "அடைச்சா நிக்குமாங்க அது? போற வழிய உட்டுப்போடுங்க" என்றார் அப்பத்தா. அவர் பேச்சில்தான் வேலை தொடங்கியது.

வாய்க்கால் பக்கம், சுவரைவிட்டுத் தள்ளி, குழியின் அடிமட்டத்தைவிட ஆழமாக ஒரு பள்ளம். அதில் உடைகல்லை நிரப்பி, மேலே தேங்காய் மட்டை பரப்பி மண் மூடினார் அப்பாரு. புழக்கடைத் தென்னை வரை வாட்டம். சில வருஷம் குழி காய்ந்தே கிடந்தது. பிறகு மட்டை மக்கியது. மண் இறங்கிக் கல்லிடுக்கை அடைத்தது. சேற்றுப்புண் திரும்பி வந்தது.

அமெரிக்காவில் ஹென்றி பிளாக் பிரெஞ்ச் 1859இல் பண்ணை வடிகால் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். கல் நிரப்பிய இப்படிப்பட்ட பள்ளத்தை இன்றைக்கும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். அப்பாருக்கு அவரைத் தெரியாது. இரண்டு பேரும் பார்த்தது ஒரே தண்ணீரின் குணம்.

பிற்பாடு நான் அதைத் தோண்டி மறுபடி போட்டேன். மண்ணை மட்டும் நிறுத்தித் தண்ணீரை விடும் துணியைப் பள்ளத்தில் விரித்து, முக்கால் இஞ்சு ஜல்லி கொட்டி, நடுவில் துளைபோட்ட பிவிசி குழாய். துளை கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும் என்றால் யாரும் நம்புவதில்லை. ஊற்று அடியிலிருந்துதான் ஏறி வருகிறது. துளை கீழே இருந்தால் அந்த மட்டத்திலேயே குழாய்க்குள் இறங்கிவிடும், மேலே ஏறாது. டியூப் மட்டம் பிடித்து, நூறு அடிக்கு ஓரடி வாட்டம் வைத்தோம். இதில் கண்ணை நம்பவே கூடாது.

2018இல் மேட்டூர் உபரிநீர் காவிரியில் பெருகிப் பவானிக் கரையோர வீடுகளுக்குள் புகுந்தபோது, எங்கள் குழாயின் வாயும் முழுகியது. ஆறே ஏறி வந்தால் இந்த வடிகால் கைகொடுக்காது. கசிவுக்குத்தான் அது.

அந்தக் கசிவும் வேண்டாத பொருளல்ல. கீழ்பவானி என்னும் இன்னொரு வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடக் கூடாது என்று விவசாயிகள் போராடியதை நான் மனதார ஆதரித்தேன். கிணறு ஊறுவது கசிவால்தானே. எங்கள் குழாயின் வாயையும் தென்னையிலிருந்து மாற்றிப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்குத் திருப்பிவிட்டோம்.

இப்போது மேலத்தெருவில் ஒருவர் தன் வீட்டுக்கும் இந்த வடிகாலைக் கேட்கிறார். வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது ஓதம் ஏறும் பக்கத்தைக் கரிக்கோடு போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் நிறுத்திய மாதத்தில் தோண்டிக்கொள்ளலாம்.